டயாலிசிஸை நிறுத்துவது பாவமா?

சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் கோவில் வாசலில் நமக்காகக் காத்து நின்றார். அவருடைய தந்தை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது எழுபத்தாறு. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக டயாலிசிஸ் செய்துவந்தவர்.

"சாமி, அப்பா இனி டயாலிசிஸ் வேண்டாம் என்கிறார். நாங்களும் சரி என்று நிறுத்திவிட்டால் அது தற்கொலை ஆகுமா? அப்பாவுக்குக் கோவிலில் பூசை வைத்து அடக்கம் செய்வீர்களா?" என்று அவர் கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, இதே கேள்வியை ஒரு மூதாட்டியின் குடும்பத்தார் நம்மிடம் கேட்டனர். நாம் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. மருத்துவர் சொன்னது என்னவென்றும் விசாரிக்கவில்லை. "உயிர் ஆண்டவர் தந்தது, கடைசிவரை போராடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர்கள் நம் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டனர். இரண்டு வாரம் கழித்து, டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் வழியில், ஆம்புலன்ஸிலேயே அந்த அம்மா இறந்துபோனார். நோயில் பூசுதல் பெறவில்லை. பேரப்பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த அவசரமான பதில் இன்றும் நம் மனதை உறுத்துகிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

டயாலிசிஸ் என்னும் கொடை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். டயாலிசிஸ் இறைவன் மனித அறிவின் வழியாகத் தந்த பெரும் கொடை. நம் இரத்தத்தில் சேரும் கழிவையும், மிகுதியான நீரையும், உப்புக்களையும் சிறுநீரகங்கள் இரவும் பகலும் வெளியேற்றுகின்றன. அவை செயலிழந்தால் கழிவு உடலிலேயே தேங்கி, மனிதன் சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடுவான். 1943இல், போர்க்காலத்தில், ஹாலந்து நாட்டின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர், மர உருளையையும் செல்லோஃபேன் குழாயையும் கொண்டு இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். தொடக்கத்தில் அவரிடம் வந்த நோயாளிகளில் ஏறத்தாழ எல்லாரும் இறந்தனர். ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1945இல் ஒரு பெண்மணி பிழைத்தெழுந்தார்.

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்னும் மருத்துவர், ஒரே நோயாளிக்கு மீண்டும் மீண்டும் டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். அவரிடம் முதலில் இச்சிகிச்சை பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்தில் இயந்திரங்கள் மிகக் குறைவு. ஆகவே யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்று முடிவு செய்ய அந்நகரில் ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமர்ந்தது. அதில் ஒரு சமயப் போதகரும் இருந்தார். யார் வாழ்வது என்று மனிதர் தீர்மானிக்க நேர்ந்த அந்த நிலையை எண்ணினால் நமக்கு நடுக்கமே உண்டாகிறது.

நம் நாட்டிலும் இந்நோயைப் பலர் அறிந்தது பெரியவர்களின் வாழ்விலிருந்துதான். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1975இல் காவலில் இருந்தபோது சிறுநீரகங்கள் பழுதடைந்து, 1979 அக்டோபர் 8ஆம் நாள் இறக்கும்வரை டயாலிசிஸின் துணையால் வாழ்ந்தார்; அந்த ஆண்டுகளிலேயே நாட்டின் அரசியலையும் மாற்றிக் காட்டினார். 1984இல் எம்.ஜி.ஆர். சிறுநீரகம் செயலிழந்து அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டபோது தமிழகமே கோவில்களில் மன்றாடியது முதியோர் பலருக்கு நினைவிருக்கும்.

ஆதலால் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அன்பர்களே, இக்கட்டுரையைப் படித்து மனம் தளர வேண்டாம். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு, மறுநாள் வேலைக்குச் செல்வோரும், பிள்ளைகளைக் கரையேற்றியோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அது பாரமாயினும் தாங்கத்தக்க பாரம். அவர்கள் அதைத் தொடர்வதே முறை.

பாரம் மிகும்போது

ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் எல்லாக் காலத்திலும் நிலைமை ஒன்றல்ல. நம் ஆசிரியருக்கு நீரிழிவு நோயும் இருந்தது. ஒரு காலின் பாதத்தை அகற்ற வேண்டியதாயிற்று. பிறகு இதயம் தளர்ந்தது. டயாலிசிஸ் நடக்கும்போதே இரத்த அழுத்தம் விழுந்து மயங்குவார், வாந்தி எடுப்பார். வீடு திரும்பினால் அன்று முழுவதும் எழமாட்டார். மறுநாள் சற்றுத் தெளிவார். அதற்கடுத்த நாள் மீண்டும் பயணம். இவ்வாறு வாரம் முழுவதும் இயந்திரத்துக்கும் கட்டிலுக்குமாகக் கழிந்தது.

முதிய வயதில், வேறு நோய்களும் சேர்ந்து, பிறர் உதவியின்றி எழ முடியாத நிலையில் இருப்போருக்கு டயாலிசிஸ் தரும் நன்மை குறைவே என்று மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்து டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் அவர்களில் நூற்றுக்கு 58 பேர் இறந்துவிட்டனர். முன்பிருந்த அளவுக்காவது தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் திறனோடு எஞ்சியவர்கள் நூற்றுக்கு 13 பேரே. இதனால்தான் இன்று நல்ல மருத்துவர்கள், இத்தகைய முதியவர்களுக்கு டயாலிசிஸ் தொடங்கும் முன்பே, "சில வாரங்கள் செய்து பார்ப்போம், பயன் இல்லையெனில் மறுபடி பேசுவோம்" என்று குடும்பத்தாரிடம் சொல்லிவைக்கின்றனர். தொடங்காமலே, மருந்தாலும் உணவாலும் வேதனையைத் தணித்துப் பராமரிக்கும் முறையும் உண்டு.

திருச்சபை போதிப்பது என்ன?

நாம் குருமடத்தில் அறநெறி இயல் கற்றபோது, உயிரைக் காக்கும் வழிகளைச் 'சாதாரண வழி', 'அசாதாரண வழி' என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தனர். 1957 நவம்பர் 24ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து மருத்துவர்களிடம் உரையாற்றியபோது இதனை விளக்கினார். உயிரையும் உடல்நலத்தையும் காக்க மனிதன் கடமைப்பட்டவன். ஆயினும் தனக்கோ பிறருக்கோ மிகக் கடுமையான பாரமாகும் வழிகளைக் கைக்கொள்ள அவன் கட்டுப்பட்டவன் அல்லன் என்பது அவர் போதனையின் சாரம். ஆளையும், இடத்தையும், காலத்தையும் பொறுத்து அந்த அளவு மாறும் என்றும் அவர் கூறினார்.

1980 மே 5ஆம் நாள் உரோமைப் பேராயம் கருணைக்கொலையைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும், 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே உறுதி செய்கின்றன. மறைக்கல்வி நூலின் 2278ஆம் எண்ணைப் பாருங்கள். மிகுந்த பாரமும் ஆபத்தும் உள்ள, பயனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்துவது முறையாகலாம் என்று அது கற்பிக்கிறது. அவ்வாறு செய்பவர் சாவை விளைவிக்க விரும்புவதில்லை. சாவைத் தடுக்க இயலாது என்பதை ஏற்றுக்கொள்கிறார். அம்முடிவை எடுக்க வேண்டியவர், அறிவு தெளிவாயிருப்பின், நோயாளியே.

கருணைக்கொலை வேறு. அங்கே சாவே நோக்கம். சாகடிப்பதற்கென்றே ஒன்று செய்யப்படுகிறது, அல்லது செய்ய வேண்டியது விடப்படுகிறது. அது எக்காலத்தும் பெரும் பாவமே. பாரமாகிவிட்ட டயாலிசிஸை நிறுத்தும்போது உயிரைப் பறிப்பது நோய். நிறுத்தச் சொன்ன தந்தையும் அல்லர், சம்மதித்த மகனும் அல்லர்.

புனித இரண்டாம் ஜான் பால் தம் இறுதி நாட்களில் நமக்கு ஒரு முன்மாதிரி காட்டினார். 2005 மார்ச் மாத இறுதியில் அவருடைய நிலை மிக மோசமானபோது, அவர் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லாமல், வத்திக்கானில் தம் அறையிலேயே தங்க விரும்பினார். மருத்துவர்கள் அங்கேயே அவரைப் பராமரித்தனர். ஏப்ரல் 2ஆம் நாள், தம்மவர் சூழ, அவர் இறைவனடி சேர்ந்தார். அவரை விட உயிரின் மதிப்பை உரக்கச் சொன்னவர் நம் காலத்தில் யார்?

நிறுத்துமுன் கேட்க வேண்டியவை

இத்தனையும் அறிந்திருந்தும், "நிறுத்தலாம்" என்று நாம் அந்த மகனிடம் அன்றே சொல்லிவிடவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று, பெரியவரிடம் தனியாகப் பேசினோம்.

"வாத்தியார் ஐயா, வேண்டாம் என்று ஏன் சொல்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பின்பு, "மருமகளின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது, சாமி. என்னிடம் யாரும் சொல்லவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறைப் பார்த்துவிட்டேன்" என்றார்.

அன்பர்களே, இங்கேதான் நாம் மிகவும் விழிப்பாயிருக்க வேண்டும். சிகிச்சையின் பாரம் வேறு; 'நான் பிறருக்குப் பாரம்' என்று ஒரு முதியவர் எண்ணி ஒதுங்குவது வேறு. பின்னதற்கு மருந்து டயாலிசிஸை நிறுத்துவது அல்ல. குடும்பமும் பங்கும் தோள் கொடுப்பதே. பணமில்லாமையால் ஒருவர் சாகத் துணிந்தால், அந்தப் பாவத்தில் அவரைவிட நமக்கே பங்கு அதிகம்.

அந்த வாரமே நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் கூடினர். அரசின் மருத்துவக் காப்பீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ள வழி இருந்தும், தாள்கள் சரியாக இல்லாததால் அக்குடும்பம் அதைப் பெறாதிருந்தது. சபையில் ஒருவர் இரண்டு நாள் அலைந்து அதைச் சரிசெய்தார். ஆட்டோ வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் வாரம் ஒருமுறை கூலி வாங்காமல் அழைத்துச் செல்ல முன்வந்தார். சங்கிலி மீட்கப்பட்டது. பெரியவரும் டயாலிசிஸைத் தொடர்ந்தார்.

பணத்தைத் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம். மனச்சோர்வு ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. ஊசி குத்தும் வலி, சதைப் பிடிப்பு, அரிப்பு, தூக்கமின்மை ஆகியவற்றை மருத்துவர் ஓரளவு போக்கக்கூடும். சிலருக்கு வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸ் பொருந்தக்கூடும். இவற்றையெல்லாம் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டறியாமல், ஒரு நாள் சலிப்பில் முடிவெடுக்கலாகாது.

மருத்துவர் கணிப்பும் எப்போதும் இறுதியானதல்ல. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட், 2006இல் எண்பதாம் வயதில், டயாலிசிஸ் வேண்டாமென்று முடிவெடுத்து, இறப்போரைப் பராமரிக்கும் இல்லத்தில் சேர்ந்தார். சில வாரங்களில் இறப்பார் என்று எல்லாரும் எண்ணினர். ஆனால் அவருடைய சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது! அவர் வீடு திரும்பி, ஒரு நூலும் எழுதி முடித்து, 2007 ஜனவரி 17ஆம் நாள் இறந்தார். இது அரிதாக நிகழ்வது. பெரும்பாலோர்க்கு நிகழ்வது நாவலாசிரியர் ஜேம்ஸ் மிச்சனருக்கு நிகழ்ந்ததே. நான்கு ஆண்டுகள் டயாலிசிஸ் செய்த பின், 1997 அக்டோபரில் அதை நிறுத்தும்படி கேட்டுக்கொண்ட அவர், அம்மாதம் 16ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் இறந்தார்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் சிலர் அஞ்சுகின்றனர். அறிவு தெளிவாயுள்ள வயது வந்த நோயாளி தமக்கு வேண்டாத சிகிச்சையை மறுக்கலாம். தாம் நினைவிழந்தால் எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள் இடமளித்தது. 2023இல் அம்முறையை எளிதாக்கி, இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும் என்றது. ஊசி போட்டுச் சாகடிப்பதைச் சட்டமும் அனுமதிக்கவில்லை.

இறுதி நாட்கள்

மூன்று மாதங்கள் கடந்தன. பெரியவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு குழறினாலும் அறிவு தெளிவாகவே இருந்தது. அவர் ஆள் அனுப்பி நம்மை அழைத்தார். "இப்போது பணம் இல்லை என்பதற்காக அல்ல, சாமி. உடம்பு போதும் என்கிறது. பிள்ளைகளோடு வீட்டில் இருக்க ஆசைப்படுகிறேன்" என்றார். மருத்துவரும் அவர் சொல்வது நியாயமே என்றார். பிள்ளைகள் அழுதனர், ஆனால் சம்மதித்தனர். "இதில் பாவம் இல்லை, தம்பி. தைரியமாயிருங்கள்" என்று மகனின் தோளில் கை வைத்துச் சொன்னோம்.

டயாலிசிஸை நிறுத்திய பின் என்ன நிகழும் என்பதைக் குடும்பத்தார் முன்பே அறிந்திருப்பது நலம். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்கள் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை இருப்பர். சிறிதளவு சிறுநீர் கழிவோர் இன்னும் சில வாரங்களும் இருக்கக்கூடும். தேங்கும் கழிவு மெல்ல மெல்ல உறக்கத்தைத் தரும். பலர் உறக்கத்திலேயே அமைதியாக இறக்கின்றனர். அதற்கு முன் குமட்டல், அரிப்பு, தசைத் துடிப்பு, மனக்குழப்பம், மூச்சுத் திணறல் வரலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. வலிக்குரிய மருந்தை நாமாகக் கொடுக்கலாகாது. மார்ஃபின் போன்றவை சிறுநீரகம் பழுதானவர் உடலில் தேங்கித் தீங்கு செய்யுமாதலால், மருத்துவர் தக்கதைத் தேர்ந்து அளவோடு தருவார்.

நீர் மிகுந்தால் மூச்சுத் திணறும் என்பதால் சிறிது சிறிதாகவே பருகக் கொடுக்க வேண்டும். உதடும் வாயும் காயாதபடி ஈரத்துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். பசி குறைவது இயல்பு. வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இவை எல்லாருக்கும் எந்நாளும் உரிய சாதாரணப் பராமரிப்பு. இவற்றை நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை.

பெரியவருக்கு ஓர் ஆசை இருந்தது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால் மூன்று ஆண்டுகளாக அவர் அதைத் தொட்டதில்லை. மருத்துவரிடம் கேட்டபோது, "இனி என்ன தடை? இரண்டு மூன்று கரண்டி கொடுங்கள்" என்றார். பேரன் மரமேறி இறக்கிக் கொண்டுவந்தான். கரண்டியால் ஊட்டியபோது பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு சுவைத்ததை அவ்வீட்டார் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர்.

இவ்வாறு நோயைத் தீர்க்க இயலாதபோதும் வேதனையைத் தீர்க்கும் மருத்துவம் இன்று வளர்ந்துள்ளது. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதற்கென ஓர் இல்லத்தைத் திறந்தார். நம் அண்டை மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பணி ஊர் ஊராகப் பரவியது; அங்கே அண்டை வீட்டாரே தொண்டர்களாகி நோயாளிகளைக் கவனிக்கின்றனர். தமிழகத்தில் 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு தேடி வரும் வலி தணிப்புப் பராமரிப்பு சேர்க்கப்பட்டது. உங்கள் மருத்துவரிடமும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைக் கேட்டுப் பெறுங்கள்.

ஆன்மாவைக் கவனிப்போம்

நோயில் பூசுதலுக்குக் குருவை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று தயங்குவோர் இன்றும் உண்டு. நினைவு தவறிய பின் நள்ளிரவில் நம்மைத் தேடி ஓடிவருவதில் பயன் என்ன? டயாலிசிஸை நிறுத்துவோருக்கு இறைவன் தரும் ஒரு தனி வரம், காலம் முன்பே தெரிவது. திடீரென்று இறப்போருக்கு அது கிட்டுவதில்லை.

நம் ஆசிரியர் முதல் நாளே பாவசங்கீர்த்தனம் செய்தார். நோயில் பூசுதலைக் குடும்பம் முழுவதும் சூழ்ந்திருக்கப் பெற்றார். நற்கருணையின் ஒரு சிறு துண்டைக் கரண்டி நீரோடு வழியுணவாக உட்கொண்டார். பிறகு தலையணைக்கடியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுக்கச் சொன்னார். சிகிச்சைக்காக யார் யாரிடம் எவ்வளவு கைமாற்று வாங்கினார் என்பதை, பள்ளிக்கூட வரவுப் பதிவேடு போல் எழுதி வைத்திருந்தார். "ஒன்றும் விடாமல் கொடுத்துவிடு" என்று மகனிடம் ஒப்படைத்தார்.

அன்பியத்தார் முறை வைத்து மாலைதோறும் வந்து ஜெபமாலை சொன்னார்கள். மரியாயின் சேனைப் பெண்கள் இரவில் விழித்திருந்து, பகலெல்லாம் உழைத்த மருமகளை உறங்க வைத்தார்கள். ஒன்பதாம் நாள் விடியற்காலையில், மகள் கையைப் பிடித்திருக்க, பெரியவரின் மூச்சு நின்றது. அவரைக் கோவிலுக்குக் கொண்டுவந்து, பூசை நிறைவேற்றி, நம் கல்லறையில் அவருடைய மனைவியின் அருகே அடக்கம் செய்தோம். தவக்காலத்தில் நம்மிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அதுவே நம் பதில்.

தங்கள் துயரத்தைப் பிறர்க்குப் பயன்படுமாறு எழுத அக்குடும்பத்தார் மனமுவந்து அனுமதித்தனர். அவர்களுக்கு நம் நன்றி. இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால், அவர் நலமாயிருக்கும்போதே, குடும்ப ஜெபம் முடிந்த ஒரு மாலையில் அவருடைய விருப்பத்தைக் கேட்டறியுங்கள். உங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்பவர் இருந்தால், இந்த வாரம் அவரைச் சென்று பாருங்கள். ஒருமுறையாவது மருத்துவமனைக்குத் துணையாகப் போங்கள். நன்மரணத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பர் நம் நோயாளிகளுக்காகவும், அவர்களோடு கண் விழித்திருப்போருக்காகவும் மன்றாடுவாராக.